தொட்டிப் பக்கம் வழுக்கிடுச்சு

அத்தியாயம் 11

லிசியாட்டே தன் மனைவி மேல் கைவைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றால், மனுஷன் திருந்திவிட்டான் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அதற்குக் காரணம் எக்ஸ்ரே.

நியூசிலாந்து விசாக் குலுக்கலில் பெயர் விழுந்ததையும், ஆக்லாந்தில் இறைச்சிக் கிடங்கு வேலை உறுதியானதையும், குடும்பத்தோடு மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி கிளினிக்கிலிருந்து தேதி வந்ததையும் பார்த்தோம். அந்தத் தேதியைக் கேட்ட அன்று அவன் மெலேயானேயின் விலாப்பக்கத்தை ஒரு மாதிரி பார்த்தானே, அது சும்மா பார்த்த பார்வை இல்லை. உடம்பை டாக்டர் தொட்டுப் பார்ப்பார். நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். எங்கேயாவது கன்றிப்போயிருந்தால் கேள்வி வரும். ஆகவே ஐயா கையைக் கட்டிக்கொண்டார்.

பழைய காயத்துக்குப் பதிலும் தயார் பண்ணிக் கொடுத்திருந்தான்.

“கேட்டா என்னடீ சொல்லுவ?”

“தொட்டிப் பக்கம் வழுக்கிடுச்சு.”

“அழுதுகிட்டே சொல்லாத. சாதாரணமா சொல்லு.”

“தொட்டிப் பக்கம் வழுக்கிடுச்சுங்க.”

“ம். அப்படித்தான்.”

கையை மட்டுமா கட்டினான்? வாயையும் கட்டினான். சர்க்கரை ஏறக்கூடாது, ஈரல் கெடக்கூடாது என்று காவா என்ற போதைச் சாறு குடிக்கப் போவதை நிறுத்தினான். ஆட்டுக்கொழுப்பு கிடையாது, டப்பா மாட்டிறைச்சி கிடையாது, தேங்காய்ப்பால் கிடையாது. வேகவைத்த மீனும் கீரையும்தான். விடிந்ததும் காயல் ஓரமாக வேர்க்க வேர்க்க நடை. நன்றாகத் தின்று வளர்ந்த உடம்பு பட்டினி கிடந்தால் அதன் கோபம் எங்கே போகும்?

குழம்பில் உப்பு குறைந்தால் கை மேலே எழும். பிறகு நினைவு வந்து இறங்கிவிடும். “இருக்கட்டும். ஆக்லாந்துல வச்சுக்கிறேன்” என்பான். சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால், “ஆக்லாந்துல.” சபையில் அவள் யாரிடமோ சிரித்துப் பேசினால், “ஆக்லாந்துல.” ஒன்றையும் மறக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டே போனான்.

மகள் வீக்கா அங்கே போய் நர்ஸ் படிப்பாள் என்று ஆசை ஆசையாகக் கிளம்பியவள்தான் மெலேயானே. இப்போது ஆக்லாந்து என்ற பெயரைக் கேட்டாலே பயந்தாள். அங்கே இவனைக் கேட்க யார் இருக்கிறார்கள்? கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்துவிட்டால், அவளாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்குள் போக வேண்டும்.

இன்றுதான் பரிசோதனை. பத்து மணிக்குத் தலைநகர் நுகுஅலோஃபாவில் இருக்க வேண்டும். ரத்தம் எடுப்பதால் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

லிசியாட்டே விடிந்ததிலிருந்து கூண்டுக்குள் அடைத்த மாதிரி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். வீக்கா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

“அப்பா வயிறு போடுற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்குதும்மா.”

“சும்மா இருடீ. காதுல விழப்போகுது.”

“விழட்டும். இன்னைக்கு அடிக்க முடியாதே. டாக்டர் பார்ப்பாங்களே!”

பதினைந்து வயதுப் பெண் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்ன வீடு இது, பிள்ளை இப்படிப் பேசுகிற வீடு!

அப்போதுதான் வாசலில் ஹாரன் சத்தம். ஒரு தடவை இல்லை, விடாமல்.

“மெலே! ஏம்மா மெலே! ஆள் யாராவது உயிரோட இருக்கீங்களா? வந்து பிடிங்க, சூடு ஆறுது!”

லிசியாட்டேயின் அக்கா கலோலைனே. லபாஹாவிலிருந்து பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். சபைப் பாடகர் குழுவுக்கே தலைவி. அவள் உடம்பைப் போலவே குரலும் நாலு பேருக்குச் சமம். வண்டியின் பின்தட்டில், தென்னங்கீற்று விரித்து, முழுசாகச் சுட்ட இளம் பன்றி. தோல் பொன்னாக முறுகி, இன்னும் கொழுப்பு சொட்டியது. பன்றியைக் கோத்துச் சுட்ட சவுக்குக் கழியும் எண்ணெய் மினுமினுக்கப் பக்கத்திலேயே கிடந்தது.

அக்கா முன்வாசலில் ஏறுகிறாள் என்றதும் லிசியாட்டே பின்வாசல் வழியாக இறங்கிவிட்டான். அந்தத் தீவு வழக்கப்படி அக்கா இருக்கும் அறையில் தம்பி கால்வைக்க மாட்டான். அவள் காதுபட ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டான். அவள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவே மாட்டான். பால்குடி மறப்பதற்கு முன்பே ஊறிப்போன பழக்கம்.

“அண்ணி…” மெலேயானே தயங்கித் தயங்கிச் சொன்னாள். “டாக்டர் வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க.”

“எந்த டாக்டர்? அவருக்கு அக்கா தங்கச்சி கிடையாதா?” கலோலைனே பாயில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். “என் தம்பி நல்ல காரியத்துக்குக் கிளம்புறான். அவனைப் பட்டினியா அனுப்பிட்டு நான் ஊர்ல எந்த முகத்தோட நடப்பேன்? ஜெபம் பண்ணி, ராத்திரியெல்லாம் திருப்பித் திருப்பிச் சுட்டது. இது வயித்துல இருந்தா ஊசிகூட வலிக்காது.”

“ரத்தம் தப்பாக் காட்டிடும் அண்ணி…”

“ரத்தம் எங்க அப்பா குடுத்தது. தப்பாக் காட்டாது. வீக்கா! வாடி இங்க. உன் அப்பனுக்குக் கொண்டு போ.”

முறுகல் தோல், விலாக்கறி, ஈரல் என்று தட்டு மலையாகக் குவிந்தது. கூடவே தேங்காய்ப்பாலில் ஊறிய கிழங்கு. வீக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

சீமைப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்த லிசியாட்டே அந்தத் தட்டைப் பார்த்தான். மெலேயானே சமையல் கொட்டகை மறைவிலிருந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. திருப்பி அனுப்ப முடியாது. கொஞ்சம் மிச்சம் வைத்தாலும், “என் கைப்பக்குவம் பிடிக்கலையாம்” என்று அக்கா முகம் வாடும். பாவம் என்றுகூட மெலேயானேக்குத் தோன்றியது, ஒரு நிமிஷம்.

முதல் கவளம் வாயில் போகிற வரைதான் அந்தத் தயக்கம். பிறகு அவன் தின்ற வேகம் இருக்கிறதே! எலும்பைக்கூட விடவில்லை. தட்டு பளபளவென்று காலியாகி வந்தது. உள்ளே கலோலைனே, “பார்த்தியா, பிள்ளை எவ்வளவு பசியா இருந்திருக்கான்” என்று பூரித்துப்போய்க் கீர்த்தனை பாட ஆரம்பித்தாள்.

மெலேயானே கை கழுவத் தண்ணீர் எடுக்க சிமெண்டுத் தொட்டிப் பக்கம் போனாள். போயிருக்கக் கூடாது.

பின்னாலிருந்து தலைமுடியை ஒரு கை கொத்தாகப் பற்றியது.

“ஏன்டீ முன்னாடியே சொல்லல?” பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் கேட்டான். “பன்னி சுடுறேன்னு நேத்து போன் பண்ணினாங்களா இல்லையா?”

“சத்தியமா பண்ணலைங்க…”

“பொய். நான் போகக்கூடாது, அதானே உனக்கு? ஒரு மாசமாப் புல்லைத் தின்னேன்டீ! மாடு மாதிரி புல்லைத் தின்னேன்!”

தலையைத் தொட்டியின் விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக எதுவோ வெடித்தது.

“முகத்துல வைக்க மாட்டேன். பயப்படாத.” மூச்சிரைக்கச் சொன்னான். “தலைமுடிக்குள்ள எந்த டாக்டரும் தேட மாட்டான்.”

மறுபடி மோதினான். மெலேயானே வழக்கம்போலத் தோள்துணியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பழகிய வித்தை அது. இருந்தும் மூன்றாவது தடவை துணியை மீறி ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது.

உள்ளே கலோலைனேயின் பாட்டு சட்டென்று உயர்ந்தது. கூரை அதிர்கிற மாதிரி உயர்ந்தது.

மெலேயானேக்கு அப்போதுதான் உறைத்தது. போன கிறிஸ்துமஸுக்கு விலா முறிந்தபோதும் அண்ணி இந்த வீட்டில்தான் இருந்தாள். அன்றைக்கும் பாட்டு இப்படித்தான் உயர்ந்தது.

“அப்பா! விடுங்கப்பா!”

வீக்கா ஓடிவந்து அவன் கையில் தொங்கினாள். அவன் ஓர் உதறு உதறினான். பெண் போய் அடுப்புக் கற்களின் மேல் குப்புற விழுந்து எழுந்தாள். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

அந்த ரத்தத்தைப் பார்த்ததும் மெலேயானேக்கு உள்ளே எதுவோ அறுந்துபோயிற்று. சரி, ஆக்லாந்து வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? உடம்பை முறுக்கித் திமிறினாள். ஒரு பிடி முடி வேரோடு அவன் கையிலேயே நின்றது. மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். தெருவுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்கு இல்லை. நேராக முன்னறைக்குள் ஓடி, பாடிக்கொண்டிருந்த கலோலைனேயின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கோபம் கண்ணை மறைத்தால் மனுஷன் எதைத்தான் பார்ப்பான்? லிசியாட்டே துரத்திக்கொண்டே வந்தான். வாசற்படியைத் தாண்டினான். அக்கா உட்கார்ந்த பாயை மிதித்துக்கொண்டு நின்று, மெலேயானேயின் தாயையும் அவள் பிறந்த இடத்தையும் சேர்த்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைக் கத்தினான்.

பாட்டு நின்றது.

அவன் கையில் அந்த முடிக்கற்றை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சாம்பலாகிவிட்டது.

“அக்கா… நான்… நீங்க இருக்கறதை…”

கலோலைனே அவனைப் பார்க்கவில்லை. கிழிந்த உதட்டோடு நடுங்கிக்கொண்டிருந்த வீக்காவைப் பார்த்தாள்.

“கண்ணு, வண்டியில ஒரு கழி கிடக்கு. எடுத்துட்டு வா.”

வீக்கா எடுத்து வந்தாள். கொழுப்பு ஊறிய சவுக்குக் கழி. கலோலைனே பாயில் கையூன்றி எழுந்தாள். லிசியாட்டே மடார் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முகத்தில். கண்ணுக்குக் கீழே தோல் பிளந்து ரத்தம் தாடைக்கு வழிந்தது. அவன் ஆறடி ஆள். ஒரு கையால் அந்தக் கழியைப் பிடுங்கி ஒடித்துப் போட்டிருக்கலாம். கையைத் தூக்கவே இல்லை. விலாவில் விழுந்தபோது மட்டும் “ஹக்” என்று மூச்சு தெறித்தது. அவள் நிறுத்தவில்லை. முதுகு, முழங்கை, மறுபடி விலா. அடிக்கிறவளின் கண்ணிலிருந்தும் தாரை தாரையாகக் கொட்டியது.

“என் முன்னாடியா! எந்த வாய்டா அது! அம்மா குழியில கிடந்து கேட்டுக்கிட்டு இருப்பாடா!”

மெலேயானே அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒவ்வொரு அடியும் விழ விழ அவளுக்கு நன்றாக இருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும், நன்றாகத்தான் இருந்தது. சுட்ட பன்றியின் வாசனையோடு கழி காற்றைக் கிழிக்கும் சத்தம். எத்தனை வருஷமாக அவள் கேட்க விரும்பிய சத்தம்!

கடைசியில் கலோலைனேக்கு மூச்சு முட்டியது. கழியைச் சுவரில் சாத்தினாள்.

“போய்க் குளி. நேரமாகுது. நானே வண்டி ஓட்டுறேன்.”

அவன் தவழ்ந்தபடியே பின்வாசல் வழியாக வெளியேறினான்.

கலோலைனே ஈரத்துணியால் மெலேயானேயின் மண்டையைத் துடைத்தாள். துணி சிவந்தது. மெலேயானே அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி. நான் அடிவாங்கறது கேட்கலை, அவர் பேசின வார்த்தை மட்டும் கேட்டுச்சா?”

நாத்தனாரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கலோலைனேயின் பெரிய முகம் சுருங்கிப்போயிற்று.

“கேட்டுச்சு” என்றாள். “எல்லா தடவையும் கேட்டுச்சு. அதான் சத்தமாப் பாடினேன்.”

கிளினிக்குக்குப் போகும்போது மூன்று பெண்களும் வண்டியின் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். லிசியாட்டே பின்தட்டில், மிச்சப் பன்றியோடு குலுங்கிக்கொண்டு வந்தான். நல்ல காரியத்துக்கு வேட்டி மேல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. வழியில் பார்த்தவர்கள் கையாட்டினார்கள். அவன் ஆட்டவில்லை.

காத்திருக்கும் அறையில் கலோலைனே உட்கார்ந்துவிட்டாள். எனவே அவன் வெளியே வெயிலில் நின்றான். பெயர் கூப்பிட்டபோது பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனான்.

டாக்டர் இளம் பெண், ஊர்க்காரிதான். தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மெலேயானேக்கு எல்லாம் கேட்டது.

“சாப்பிட்டீங்களா?”

“அக்கா… குடுத்தாங்க.”

டாக்டர் பெருமூச்சு விட்டாள். “அக்கா குடுத்தா என்ன பண்றது. ரத்தத்தை வியாழக்கிழமை எடுத்துக்கலாம். அன்னைக்கு அக்காவுக்குச் சொல்லாம வாங்க. சரி, முகத்துல என்ன?”

நாற்காலி கிறீச்சிட்டது.

“தொட்டிப் பக்கம் வழுக்கிடுச்சு.”

“விலாவும் வீங்கியிருக்கே.”

“அதுவும்… தொட்டிதான்.”

மெலேயானே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு உருப்போட வைத்த பதில்! ஒரு எழுத்து மாறவில்லை.

அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள். பிறகு டாக்டர் படத்தைத் திரையில் போட்டாள்.

“நுரையீரல் சுத்தமா இருக்கு. காசநோய் எதுவும் இல்லை. பயப்படாதீங்க.” விரல் மெல்லக் கீழே இறங்கி நின்றது. “ஆனா இங்க பாருங்க. இந்த விலா உடைஞ்சு தானா ஒட்டியிருக்கு. இதுவும். இந்தப் பக்கம் இன்னொண்ணு, அது ரொம்பப் பழசு. எப்படி ஆச்சு?”

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். சொல்லிவிட்டால் கையெழுத்து விழும், விசா வரும், வீக்கா நர்ஸ் ஆவாள். சொல்லாவிட்டால் ஊரே விரல் நீட்டும். சபையில், கடையில், எங்கே போனாலும், கிடைத்த அதிர்ஷ்டத்தை எட்டி உதைத்தவள் என்பார்கள். ஜன்னலுக்கு வெளியே லிசியாட்டே தெரிந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் அவளையே பார்த்தான். உதடு மெல்ல அசைந்தது. அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கத் தேவையில்லை.

ஆக்லாந்துல.

“என் புருஷன் உடைச்சது” என்றாள் மெலேயானே. “தலையில இருக்கறது இன்னைக்குக் காலையில. வேணும்னா முடியை விலக்கிப் பாருங்க.”

டாக்டர் விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையுறையை மெதுவாகக் கழற்றினாள்.

“இதை எழுதினா உங்க விசா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அவர் பேர்லதானே எல்லாம் வந்திருக்கு? நின்னு போனாலும் போகும்.”

“தெரியும்.”

“அவரைக் கூப்பிட்டுக் கேட்கணும். நீங்க இருக்கும்போதே கேட்கவா? பயமா இருந்தா வேண்டாம்.”

பயம்தான். ஆனால் இன்று காலையில் முன்னறைக்குள் ஓடியபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது.

“கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி வெளியில என் நாத்தனார் இருக்காங்க, அவங்களுக்கு இங்க ஒரு நாற்காலி போடுங்க.”

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். ஊர்க்காரி அல்லவா, புரிந்துகொண்டாள். தன் நாற்காலியையே எடுத்துப் போட்டாள்.

கலோலைனே வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒளிர்ந்த விலா எலும்புகளை ஏற இறங்கப் பார்த்தாள். யாரும் எதையும் விளக்கவில்லை. இந்தத் தடவை பாட்டும் வரவில்லை.

நர்ஸ் போய் லிசியாட்டேயைக் கூட்டி வந்தாள். அவன் அறை வாசலுக்கு வந்தான். நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்தான். தூக்கிய கால் அப்படியே நின்றது. உள்ளே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க மனைவியோட விலா எப்படி உடைஞ்சது?” டாக்டர் கேட்டாள்.

அவன் வாய் திறந்தது. தொட்டி என்ற வார்த்தை தொண்டை வரை வந்ததை மெலேயானே கண்ணால் பார்த்தாள்.

கலோலைனே திரும்பினாள். சின்ன வயசிலிருந்து ஏறிட்டுப் பார்த்தே அறியாத தம்பியின் முகத்தை, தன் கழி பிளந்த அந்த முகத்தை, நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“சொல்லுடா” என்றாள். “நான் கேட்கிறேன்.”